லாஸ் ஏஞ்சலஸில் நான்கு நாள்: காரை எடுப்பதா, விடுவதா?

கேள்வி: நாங்கள் ஜெர்சி சிட்டியில் இருக்கிறோம். எங்களிடம் கார் கிடையாது, இதுவரை தேவைப்பட்டதும் இல்லை. சென்னையிலிருந்து மாமியார் வந்திருக்கிறார், வயது 68. அவரோடு நான், கணவர், 8 வயது மகள், 4 வயது மகன் என ஐந்து பேரும் வியாழன் முதல் திங்கள் காலை வரை லாஸ் ஏஞ்சலஸ் போகிறோம். கார் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வாடகைக் கார் நான்கு நாளுக்கு 260 டாலர் காட்டுகிறது. ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு ஹோட்டல் இரவுக்கு 120 டாலர், பார்க்கிங் இலவசம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் என்றால் 190. கணவரிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் மூன்று வருஷமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எது லாபம்?

பதில்: பயமுறுத்துகிறவர்கள் முழுக்கப் பொய் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகர எல்லை மட்டும் சுமார் 1,300 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. அதைப் போல மூன்று சென்னையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஊர் என்று சொன்னால் உங்கள் மாமியாருக்குச் சட்டென்று புரியும். இத்தனைக்கும் பக்கத்துக் கடற்கரை ஊரான சாண்டா மோனிகா இந்தக் கணக்கில் வராது, அது தனி நகரம்.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில் கார். 260 டாலர் என்பது வண்டிக்கு மட்டும். மகனுக்குக் குழந்தை இருக்கை, பெட்ரோல், போகிற இடங்களில் பார்க்கிங், அப்புறம் காப்பீடு எல்லாம் தனி. என் உத்தேசத்தில் இருக்கைக்கு 50, பெட்ரோலுக்கு 40, பார்க்கிங்குக்கு 80, காப்பீட்டுக்கு 70. மொத்தம் 500 டாலர்.

ரயில், பஸ் என்றால் மெட்ரோ கட்டணம் ஒரு தடவைக்கு 1.75 டாலர். இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே திசையில் வண்டி மாறிப் போனால் மறுபடி கொடுக்க வேண்டாம். ஒரு நாளில் 5 டாலருக்கு மேல் பிடிக்க மாட்டார்கள், ஏழு நாளில் 18 டாலருக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். நான்கு நாளும் நாள் முழுக்கச் சுற்றினாலும் ஆளுக்கு 20 ஆகாது, 18-லேயே நின்றுவிடும். ஐந்து வயதுக்குக் கீழே என்பதால் மகனுக்கு இலவசம். ஆக நான்கு பேருக்கு அதிகபட்சம் 72, அதோடு ஆளுக்கொரு டேப் கார்டு (ஏறும்போது தேய்க்கும் கட்டணக் கார்டு) வாங்க 2 டாலர் வீதம் 8. மொத்தம் 80. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்த உச்சவரம்பு கார்டுக்குத்தான். ஒரே கார்டைக் கை மாற்றிக் கை மாற்றித் தேய்த்தால் நடக்காது. மாமியாருக்கு மூத்தோர் சலுகைக் கார்டு உண்டு, ஆனால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். நான்கு நாளுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

விமான நிலையத்துக்குப் போகவர, நடுவில் ஒரு தடவை, ஊபருக்கு 180 வையுங்கள். ஹோட்டலில் கூடுதலாகக் கொடுப்பது இரவுக்கு 70, நான்கு இரவுக்கு 280. ஆக 540 டாலர்.

மெட்ரோதான் மலிவு என்று எழுதிவிடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கணக்கு அப்படி வரவில்லை. கார் 40 டாலர் மலிவு. அப்படியும் காரை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் அந்தக் காப்பீடு. சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அவர்களுடைய பாலிசியே வாடகைக் காருக்கும் நீளும். உங்களிடம் காரே இல்லை, அதனால் பாலிசியும் இல்லை. "கிரெடிட் கார்டு பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது சொல்வார்கள். பல கார்டுகள் பார்த்துக்கொள்வது நீங்கள் எடுத்த வண்டிக்கு ஏற்படும் சேதத்தை மட்டும்தான். நீங்கள் இடித்து எதிரில் வந்தவருக்கு எலும்பு முறிந்தால் அதற்குக் கார்டு ஒரு காசு தராது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு காயப்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தவர்களுக்கு அது எந்த மூலைக்கு என்று தெரியும். வாடகை கவுன்ட்டரில் விற்கும் கூடுதல் பொறுப்புக் காப்பீட்டைத்தான் மேலே 70 டாலர் என்று போட்டிருக்கிறேன். வரிசையில் நிற்கும்போது, குழந்தை அழும்போது, பலரும் வேண்டாம் என்று டிக் அடிப்பது அதைத்தான். மூன்று வருஷமாக ஓட்டாத ஒருவர், தெரியாத ஊரில், ஆறு தட ஃப்ரீவேயில், பின்சீட்டில் அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு 40 டாலர் மிச்சம் ஒரு காரணமே இல்லை.

ஊபரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் ஐந்து பேர், சாதாரண வண்டியில் நால்வருக்குத்தான் இடம். ஒவ்வொரு முறையும் பெரிய வண்டிதான் கூப்பிட வேண்டும், அதற்கு விலையும் அதிகம். மேலும் கலிபோர்னியாவில் 8 வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை காரில் ஏறினால் அதற்கென்று இருக்கையோ பூஸ்டரோ (குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் சின்ன இருக்கை) வேண்டும், ஊபரானாலும் சரி. மகள் தப்பித்தாள், மகன் மாட்டிக்கொண்டான். அவனுடைய பெரிய இருக்கையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. அவன் 18 கிலோ தாண்டியிருந்தால், முதுகுப் பையில் அடங்கும் மடக்கு பூஸ்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அந்தந்த பூஸ்டர் எந்த எடையிலிருந்து என்று பெட்டியில் போட்டிருக்கும், பாருங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் இந்தத் தொல்லை கிடையாது.

இனி ஹோட்டல். டவுன்டவுன்தான் என்று இல்லை. பி லைன் ரயில் போகும் வழியில், நிலையத்திலிருந்து மாமியார் நடக்கிற தூரத்தில் எது கிடைத்தாலும் சரி. வரைபடத்தில் உங்கள் நடையை அளக்காதீர்கள், அவருடைய நடையை அளங்கள். 190 என்பது 165 ஆனாலே கார் கணக்கை முந்திவிடுவீர்கள்.

ஒரு நாளுக்கு ஒரு ரயில் பாதை என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதியாகும். வெள்ளிக்கிழமை இ லைன்: எக்ஸ்போ பார்க் நிலையத்தில் இறங்கினால் கலிபோர்னியா சயின்ஸ் சென்டர், நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமில்லை. அங்கிருந்து அதே ரயிலில் கடைசி வரை போனால் சாண்டா மோனிகா, நிலையத்திலிருந்து கடற்கரை நடக்கும் தூரம். சனிக்கிழமை பி லைன்: ஹாலிவுட், அப்புறம் வெர்மான்ட்/சன்செட் நிலையத்திலிருந்து டேஷ் என்ற நகரப் பஸ்ஸில் கிரிஃபித் அப்சர்வேட்டரி என்ற வானாய்வகம். அங்கேயும் நுழைவு இலவசம், கோளரங்கக் காட்சிக்கு மட்டும் டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை கெட்டி சென்டர் என்ற கலை அருங்காட்சியகத்துக்குப் போவதானால் ஊபருக்கு ஒதுக்கிய அந்த ஒரு தடவையை அங்கே செலவழியுங்கள். பஸ் இருக்கிறது, ஆனால் மூன்றாவது நாள் மாமியாரின் முழங்கால் சம்மதிக்க வேண்டுமே. அனுமதி இலவசம், நேரத்தை முன்பதிவு செய்யவேண்டும். கெட்டி, கிரிஃபித் இரண்டும் திங்களன்று மூடியிருக்கும், நீங்கள் கிளம்பும் நாள் அது என்பது நல்லதாகப் போயிற்று.

டிஸ்னிலாந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, பிள்ளைகள் கேட்பார்கள். அது அனாஹைமில் இருக்கிறது, டவுன்டவுனிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மெட்ரோவில் இலவசமாக ஏறும் உங்கள் மகனுக்கு அங்கே டிக்கெட் உண்டு, 3 வயது ஆனாலே காசுதான். கூட்டமில்லாத நாளிலேயே பெரியவர்களுக்கு ஆளுக்கு 100 டாலருக்கு மேல், பிள்ளைகளுக்கும் அதிகம் குறையாது. ஐந்து பேருக்கு என்றால், இவ்வளவு நேரம் மல்லுக்கட்டினோமே, அந்த முழுப் போக்குவரத்துத் தொகையும் ஒரே நாளில் போகும். இந்தத் தடவை விடுங்கள்.

ஹோட்டல் பதிவு செய்யும்போது ரத்து செய்ய வசதியுள்ள விலையையே எடுங்கள், சில டாலர் கூடுதலானாலும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் மறுபடி விலை பாருங்கள், குறைந்திருந்தால் பழையதை ரத்து செய்துவிடலாம். மெட்ரோ கட்டணத்தையும் அன்றைக்கே ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.