லீஸ்டு லைன் அடிக்கடி தடுமாறினால்

கேள்வி: இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே 10 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் (எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு) போட்டிருக்கிறோம். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்க அனுப்பும் சிறு செய்தி) நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சில பதிலின்றி விழுகின்றன, பெரிய கோப்பை நகலெடுத்தால் பாதியில் நிற்கிறது. ரௌட்டரை அணைத்துப் போட்டால் சிறிது நேரம் சரியாகிறது. சேவை நிறுவனமோ லைன் நன்றாக இருக்கிறது என்கிறது. பழுது எங்கே?

பதில்: அணைத்துப் போட்டதும் சரியாவதால் ரௌட்டர்மேல் சந்தேகப்படாதீர்கள். அணைத்தவுடன் ஓடிக்கொண்டிருந்த நகலெடுப்புகள் எல்லாம் அறுந்துபோகும், லைன் காலியாகும், அதனால் குணமானதுபோல் தெரியும். உங்கள் லைன் லோடு ஏறினால்தான் தடுமாறுகிறது. சேவை நிறுவனம் காலி லைனைச் சோதித்திருந்தால் அவர்கள் சொன்னதும் பொய்யில்லை.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரே கணினியில் மூன்று ஜன்னல் திறந்து, நிற்காத பிங் போடுங்கள்: ஒன்று உங்கள் ரௌட்டருக்கு, இன்னொன்று எதிர்முனை ரௌட்டரின் வான் (லைன் பக்கத்து) முகவரிக்கு, மூன்றாவது அங்குள்ள ஒரு கணினிக்கு. பிறகு 500 எம்பி கோப்பு ஒன்றை நகலெடுக்க விடுங்கள். முதல் ஜன்னலிலேயே விழுந்தால் பழுது உங்கள் அலுவலகத்துக்குள். மூன்றாவதில் மட்டும் விழுந்தால் எதிர்முனையின் ஸ்விட்ச், கேபிள் பக்கம் போங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து விழுந்தால்தான் நடுவில் பார்க்க வேண்டும். ட்ரேஸ்ரூட்டில் (வழியிலுள்ள ரௌட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) நடுவிலுள்ள ஒரு ரௌட்டர் மட்டும் பதில் தராவிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பல ரௌட்டர்கள் தங்களுக்கு வரும் பிங்குக்குக் கடைசி இடம்தான் தருகின்றன.

நடுவில் என்று தெரிந்தால் நான் முதலில் பார்ப்பது மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) ரௌட்டரும் சேரும் போர்ட்டை. ஒரு பக்கம் ‘100, ஃபுல் டூப்ளெக்ஸ்’ (100 எம்பிபிஎஸ் வேகம், ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும்) என்று பூட்டிவைத்து, மறுபக்கத்தை ‘ஆட்டோ’வில் விட்டால் வினை அங்கேதான். ஆட்டோ பக்கத்தால் வேகத்தை மட்டுமே கண்டுபிடிக்க முடியும். டூப்ளெக்ஸ் தெரியாததால் ஹாஃபுக்கு (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது பெறுவது மட்டும்) இறங்கிவிடும். அடையாளமும் தெளிவு: ஹாஃப் பக்கத்து போர்ட்டின் பிழை எண்ணிக்கை காட்டும் கவுன்ட்டரில் லேட் கொலிஷன் (தாமதமாக நேரும் மோதல்) ஏறும், ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழை (தரவு சிதைந்து வந்ததன் அடையாளம்) ஏறும். லிங்க் விளக்கு எரியும், சின்னச் சின்ன பிங் எல்லாம் போகும், இரு திசையிலும் போக்குவரத்து கூடினால் மட்டும் மோதும். இதற்குத் தீர்வு: இரண்டு பக்கமும் ஆட்டோ, அல்லது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பூட்டு. மாற்றியதும் கவுன்ட்டரைச் சுழியமாக்கி, லோடு கொடுத்து அரை மணி நேரம் கவனியுங்கள். பிழை ஒன்றுகூட ஏறக்கூடாது. ஏறினால் பேட்ச் கார்டை (இரண்டு கருவிகளையும் இணைக்கும் சிறு கேபிள்) மாற்றிப் பாருங்கள்.

கவுன்ட்டர் சுத்தமாக இருந்தும் பிங் விழுகிறதா? அப்போது பிங் நேரத்தைப் பாருங்கள். 5 மில்லி செகண்டாக இருந்தது 200, 300 என்று ஏறி அதன்பின் விழுந்தால் ரௌட்டரில் வரிசை நிரம்பி வழிகிறது. நேரம் ஏறாமல் சட்டென்று விழுந்தால், சேவை நிறுவனம் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வருவதை வெட்டி எறிகிறது என்று சந்தேகிக்கலாம். உங்கள் போர்ட்டின் வேகம் 100. நொடியின் ஒரு துணுக்கில் அது முழு வேகத்தில் தள்ளினாலும் வெட்டு விழும், 5 நிமிடச் சராசரி வரைபடத்தில் தெரியவே தெரியாது. இரண்டு ரௌட்டரிலும் வெளியே போகும் திசையில் 9.5 எம்பிபிஎஸ்ஸுக்கு ஷேப்பிங் (அந்த வேகத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தும் அமைப்பு) போடுங்கள். பேக்கெட் (தரவுத் துண்டு) தூக்கியெறியப்படாமல் வரிசையில் காத்திருந்து போகும்.

சின்ன பிங் ஒன்றும் விழாமல் கோப்பு மட்டும் நின்றால் சிக்கல் எம்டியுவில் (ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு) இருக்கலாம். துண்டாக்காதே என்ற அமைப்போடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகள் 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1400 போனால் வழியில் எங்கோ டனல் (பேக்கெட்டை இன்னொரு பேக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் இணைப்பு) இருக்கலாம், ரௌட்டரில் எம்எஸ்எஸ்ஸை (ஒரு டிசிபி பேக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) குறைக்க வேண்டும்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் மூன்று ஜன்னல் பதிவையும், விழுந்த நேரங்களையும், இரு முனை கவுன்ட்டர்களையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். லோடு கொடுத்து, இரு முனையிலிருந்தும் சோதிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.