ப்ராக்சி போட்டு அனுப்பிய மின்னஞ்சல்: மறுத்துவிடலாமா?

கேள்வி: பாபநாசம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதினேன். நாலு மாதச் சம்பளம் தராமல், எல்லோர் முன்னாலும் திட்டி முதலாளி வெளியே அனுப்பினார். ஆத்திரத்தில் அவர் பெயரில் ஒரு ஜிமெயில் தொடங்கி, ‘எங்கள் அரிசியில் கலப்படம் உண்டு’ என்று வியாபாரிகளுக்கு அனுப்பினேன். என் இணைப்பு தெரியாமல் இருக்க, நடுவில் வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ப்ராக்சி போட்டுத்தான் அனுப்பினேன். இப்போது சைபர் கிரைம் போலீஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள்.

சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் துறையில் தனியாக மனு போடுங்கள். திட்டியது, அவமானம் எதுவும் இந்த வழக்கில் எடுபடாது. இதில் முக்கியமானது, அடுத்தவர் பெயரில் நீங்கள் எழுதியது. உங்கள் பெயரிலேயே எழுதியிருந்தால் அவதூறோடு நின்றிருக்கும். இப்போது நற்பெயரைக் கெடுக்கப் போலி ஆவணம் உருவாக்கியதாக, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 336(4) பிரிவும் சேரும். 3 ஆண்டு வரை சிறை.

அடுத்து ப்ராக்சி. இதை நம்பித்தான் பலர் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பிரவுசரில் ப்ராக்சி போட்டால் பிரவுசருக்கு மட்டும்தான். மெயில் ஆப் நேராகத்தான் போகும். ஒரு வாய்க்காலின் மதகை அடைத்துவிட்டுப் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் போகாது என்று இருப்பது போல இது. ஆப் வழியாக அனுப்பும்போது பல மெயில் சர்வர்கள் உங்கள் ஐபியை, அதாவது இணைய இணைப்பின் முகவரி எண்ணை, கடிதத்தோடு மறைவாகப் போகும் தலைப்பகுதியிலேயே (ஹெடர்) எழுதிவிடும். சில ப்ராக்சிகளோ உங்கள் ஐபியைத் தாங்களே அடுத்த சர்வருக்குச் சொல்லிவிடும்.

ஜிமெயிலைப் பிரவுசரில் திறந்து அனுப்பினால் பெறுபவருக்கு உங்கள் ஐபி தெரியாது, அது சரிதான். ஆனால் கணக்குத் தொடங்கிய ஐபி, உள்ளே நுழைந்த நேரம், கொடுத்த போன் எண் எல்லாம் கூகுளிடம் பதிவாகும். போலீஸ் சட்டப்படி கேட்டால் கிடைக்கும். யாராவது பதில் போட்டார்களா என்று ப்ராக்சி இல்லாமல் போனில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாலும் போதும். அப்புறம், அந்த வியாபாரிகளின் மெயில் முகவரிகள் கணக்கரைத் தவிர வேறு யாரிடம் இருந்தன? அதையும் கேட்பார்கள்.

மறுத்துக் கையெழுத்துப் போட்ட பிறகு இந்தப் பதிவுகள் வந்தால், சமாதானத்துக்கு இறங்கி வந்திருக்கக்கூடிய முதலாளியும் இறங்க மாட்டார். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்ல வேண்டாம் என்று அரசியலமைப்பின் 20(3) பாதுகாப்பு தருகிறது. அதனால் வாயை மூடிக்கொள்ளலாம், பொய் சொல்லக் கூடாது. போனை ரீசெட் செய்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். சாட்சியமாகக் கேட்கப்படும் மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ம் பிரிவில் தனிக் குற்றம், அதற்கும் 3 ஆண்டு வரை.

நோட்டீஸ் தேதியில் வக்கீலோடு போங்கள், தவறினால் கைதுக்கு வழியாகும். குற்றப்பத்திரிகைக்கு முன்பே, வக்கீல் மூலமாகச் சமரசம் பேசுங்கள். அதே வியாபாரிகளுக்கு, வக்கீல் பார்த்துத் தரும் வாசகத்தில், முந்தைய மெயிலில் சொன்னதை மறுக்கும் கடிதம் அனுப்பச் சம்மதியுங்கள். ‘சம்பளத்தைக் கொடு, இல்லையென்றால் இன்னும் அனுப்புவேன்’ என்ற பேச்சு வாயில் வரவே கூடாது, அது மிரட்டிப் பணம் பறிப்பதாகிவிடும். 336(4) மாஜிஸ்திரேட் முன்னால் ராஜியாகும் (இரு தரப்பும் சமரசமாகி வழக்கை முடித்துக்கொள்ளும்) பிரிவு இல்லை. இருவரும் கையெழுத்திட்டு, வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும்.