'அவுட்புட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேறு என்னென்ன சொற்கள் உண்டு? எங்கே எதைச் சொல்வது?

அகராதியில் புரொடக்‌ஷன், ஈல்டு, அவுட்டர்ன், த்ரூபுட் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள், எல்லாம் ஒன்றுதான் என்பது போல. எண்ணூர், மணலி பக்கம் வேலைக்கு வந்து பாருங்கள், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கேட்டால் எதிரில் இருப்பவர் வேறு கணக்கை எடுத்து நீட்டுவார்.

நான் திருவொற்றியூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் சின்ன யூனிட்டில் சூப்பர்வைசர். எங்கள் லைனில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். மணிக்கு மணி பிளான் எவ்வளவு, ஆக்சுவல் எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். அந்த ஆக்சுவல்தான் அவுட்புட். புரொடக்‌ஷன் என்பது வேலை நடப்பதையும் குறிக்கும், எண்ணிக்கையையும் குறிக்கும். அதனால் 'மெஷின் பிரேக்டவுன், புரொடக்‌ஷன் நின்னுடுச்சு' என்போம், ஆனால் அவுட்புட்டுக்கு 'குறைஞ்சிடுச்சு'தான் வரும். ஈல்டு முழுக்க விகிதம்: 100 பீஸ் ஓட்டி அதில் 8 கழிவு பீஸ் போடும் சிவப்புத் தொட்டிக்குப் போனால் ஈல்டு 92 சதவீதம். அவுட்புட் கேட்டால் ரிஜெக்‌ஷனையும் சேர்த்துச் சொல்லி புதுப் பையன்கள் மாட்டிக்கொள்வதால், 'ஓகே பீஸ் எவ்வளவு?' என்றுதான் நான் கேட்பது. தொழிலாளிகளுக்குள் இந்தப் பெயர்ச்சொல் எதுவுமே தேவைப்படுவதில்லை. பிரஸ்ஸில் 'எத்தனை அடிச்சீங்கண்ணே?', லேத்தில் 'எத்தனை ஓட்டுன?', முடிந்தது பேச்சு.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் போனால் அங்கே அவுட்டர்ன். ஒரு வருடத்தில் எத்தனை ரயில் பெட்டி தயாராகி வெளியே போனது என்பதற்கு ரயில்வேயில் புழங்கும் சொல் அது; 2019-20இல் அது 4,000ஐத் தாண்டியது. ஷெல் பிரிவில் வெறும் கூடு முடியும், அப்புறம் ஃபர்னிஷிங் பிரிவில் இருக்கை, விளக்கு, ஒயரிங் எல்லாம் ஏறிய பிறகுதான் அது பெட்டி. இதையே டர்ன்அவுட் என்று திருப்பிப் போட்டுவிடாதீர்கள், அது கூட்டத்துக்கோ ஓட்டுப் போடவோ எத்தனை பேர் வந்தார்கள் என்பது.

மணலி சுத்திகரிப்பு ஆலையின் திறன் ஆண்டுக்கு 1.05 கோடி டன் என்று படித்திருப்பீர்கள். அது எவ்வளவு கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க முடியும் என்ற கணக்கு, உண்மையில் எவ்வளவு சுத்திகரித்தார்கள் என்பதற்குத்தான் த்ரூபுட் என்று பெயர். வெளியே வரும் பெட்ரோல், டீசல், எல்.பி.ஜி. தனிக்கணக்கு. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஜெனரேஷன். காசிமேட்டில் இந்த இங்கிலீஷ் எதுவும் வேண்டாம், 'பாடு எப்படிண்ணே?' என்று கேட்டால் வலையில் என்ன விழுந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

இடம் மாறினால் அர்த்தமே மாறுவதும் உண்டு. மண்ணடிப் பக்கம் அச்சகத்தில் 'அவுட்புட் எடுத்தாச்சா?' என்றால் ஃபிலிமோ பிளேட்டோ ரெடியா என்று அர்த்தம். சினிமா ஷூட்டிங்கில் 'புரொடக்‌ஷன்' என்று குரல் கொடுத்தால் டீ வரும் (எனக்குப் பிடித்த அர்த்தம் இதுதான்).

தமிழில் எழுதும்போது தொழிற்சாலைக்கு உற்பத்தி, வயலுக்கு விளைச்சல் அல்லது மகசூல். கம்ப்யூட்டர் பாடத்தில் வரும் 'வெளியீடு' அங்கேயே இருக்கட்டும், தொழிற்சாலைக் கடிதத்தில் 'இம்மாத வெளியீடு' என்று எழுதினால் ஏதோ புத்தகம் போட்டிருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.