30 ஆண்டுகள் பழைய விஸ்கி பாட்டிலைத் திறந்து குடிக்கலாமா?

சீல் உடையாத பாட்டில் என்றால் குடிக்கலாம். யார் என்ன சொன்னாலும் பார்க்காமல் கொட்டிவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

30 ஆண்டுகளாக அலமாரியில் இருந்த பாட்டில் என்று கேட்டிருக்கிறீர்கள். யாருடைய அலமாரி என்று சொல்லவில்லை. அத்தனை காலம் திறக்காமல் பத்திரப்படுத்தியவர் இப்போது உயிரோடு இல்லை என்றே நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

அப்பா பணி ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் மூன்று பாட்டில் ஸ்காட்ச் விஸ்கி பரிசளித்தார்கள். அவர் குடிப்பழக்கம் உள்ளவர் அல்லர். ஒன்றை மட்டும் திறந்து எப்போதாவது சிறிது ஊற்றிக்கொள்வார். மற்ற இரண்டையும் மடித்துவைத்த துணிகளுக்குப் பின்னால் நிறுத்திவைத்துவிட்டார். கேட்டால், "நல்ல நாள் ஒன்று வரட்டும்" என்பார். என் திருமணம் நடந்தது, பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். அவை இருந்த இடத்திலேயே இருந்தன.

அவர் மறைந்த பிறகு நான் ஊர் வந்து சேர்வதற்குள் அவருடைய அறையை ஒழித்துவிட்டிருந்தார்கள். அக்காவின் கணவர் திறந்திருந்த ஒன்று, திறக்காத ஒன்று என இரண்டு பாட்டில்களைக் கழிவுநீர்த் தொட்டியில் கவிழ்த்திருந்தார். "இத்தனை வருஷம் ஆனால் விஷமாகியிருக்கும், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்" என்றார். அத்தான் நல்ல மனிதர். அக்கறையில்தான் செய்தார். ஆனால் அந்த அச்சத்துக்கு அடிப்படையே இல்லை. ஸ்காட்ச் விஸ்கியில் ஆல்கஹால் குறைந்தது 40 சதவீதம் இருக்கும். அதில் கிருமி வளராது. நாள்பட்டால் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலாக மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; மூடிய பாட்டிலுக்குள் அப்படி எதுவும் நடப்பதில்லை. மது குடித்து நேரும் மெத்தனால் சாவுகள் கள்ளச்சாராயத்தாலும் கலப்படத்தாலும் நேர்பவை.

அதேபோல், பாட்டிலுக்குள் இருப்பதால் விஸ்கிக்கு வயதும் கூடுவதில்லை. அது முதிர்வது மரப் பீப்பாயில் மட்டுமே. 12 ஆண்டு என்று அச்சிட்டு 1990இல் அடைத்தது இன்றும் 12 ஆண்டு விஸ்கிதான்.

மூன்றாவது பாட்டில் எப்போதோ ஒரு பெட்டிக்குப் பின்னால் சரிந்து கிடந்ததால் தப்பியது. அது சரிந்து கிடந்ததுதான் அதன் குறையும். ஒயினைப் படுக்கவைப்பார்கள், விஸ்கியை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். வீரியமான ஆல்கஹால் ஓயாமல் பட்டுக்கொண்டிருந்தால் தக்கை அரித்துப்போகும். நான் திருகியதும் தக்கை பாதியில் முறிந்து தூளாக உள்ளே விழுந்தது. அளவும் கழுத்திலிருந்து தோள்வரை இறங்கியிருந்தது. காபி வடிகட்டும் தாளில் வடித்து, ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். முதலில் லேசான பழைய அட்டைப்பெட்டி வாடை. கால் மணி நேரம் தம்ளரில் வைத்திருந்ததும் அது போய்விட்டது. பிறகு தேன், உலர்ந்த திராட்சை, கொஞ்சம் புகை. அப்பா பத்திரப்படுத்தியது கெடவே இல்லை. அரித்த தக்கையோடு சரிந்து கிடந்ததே இப்படி என்றால், நேராக நின்று, கழுத்துவரை நிரம்பியிருந்த இன்னொன்று எப்படி இருந்திருக்கும்! அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. திறந்திருந்த பாட்டிலைக் கொட்டியதற்கு நான் வருந்தவில்லை. அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அளவுக்குக் காற்று புகுந்துவிட்டால், உடம்புக்குக் கெடுதல் இல்லாவிட்டாலும், மணமும் சுவையும் மங்கிப்போயிருக்கும்.

துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் விஸ்கியைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அத்தானிடம் சொல்லியிருப்பேன். 1907-09 அண்டார்க்டிகா பயணத்தின்போது அவருடைய குழுவினர் கேப் ராய்ட்ஸ் என்ற இடத்தில் தங்கிய குடிலுக்கு அடியில் விட்டுவந்த மெக்கின்லே விஸ்கிப் பெட்டிகளை 2010இல் பனியிலிருந்து பெயர்த்து எடுத்தார்கள். மூன்று பாட்டில்களை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது ஆல்கஹால் 47.3 சதவீதம் இருந்தது. சுவையும் நன்றாகவே இருந்தது. நூறு ஆண்டுகள்! குளிரில் இருந்ததால்தானே என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான், வெயிலும் வெப்பமும் விஸ்கிக்கு ஆகாது. ஜன்னலோரம் வெயில் படும்படி இருந்திருந்தால் நிறமும் சுவையும் மாறியிருக்கலாம். இருட்டான அலமாரி என்றால் கவலை வேண்டாம்.

மதுவைப் பற்றி எழுதியதற்கே என்னைத் திட்டுபவர்கள் வருவார்கள். நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. குடிக்காதவர் என்றால் அப்படியே வைத்திருங்கள், வேறு யாருக்காவது கொடுங்கள். கொட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு விஸ்கி போனதைவிட வேறொன்றில்தான் வலி அதிகம். அதே நாளில் அப்பாவின் கணக்கு நோட்டுகளையும் பழைய காகிதத்தோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிட்டார்கள். இருபது ஆண்டுகள் அன்றாடம் எழுதியவை. வரவு செலவுக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: யார் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல் என்று. ஒருவர் போனதும் அவர் அறையைக் காலிசெய்ய ஏன் இவ்வளவு அவசரம்? வரவேண்டிய பிள்ளை வரும்வரை ஒரு வாரம் பூட்டிவைத்தால் என்ன? இதை எங்கள் வீட்டில் யாரிடமும் நான் கேட்டதில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

உங்கள் பாட்டிலுக்கு வருவோம். திறக்கும் முன் நிறுத்திவைத்து அளவைப் பாருங்கள். தோளுக்கும் கீழே வெகுவாக இறங்கியிருந்தால் ஆல்கஹால் ஆவியாகி வீரியம் குறைந்திருக்கும், அதிகம் எதிர்பார்க்காதீர்கள். குளிரில் லேசாகக் கலங்கித் தெரிந்தால் அது கெட்டதற்கு அடையாளம் அல்ல, அறை வெப்பத்துக்கு வந்ததும் தெளிந்துவிடும். மூடியை யாரோ திறந்து மூடியதுபோல இருந்தாலோ, பெயிண்ட் கரைப்பான்போல நெடி அடித்தாலோ குடிக்க வேண்டாம். பாலாடை கலந்த மதுவகை என்றால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது, அது நிச்சயம் கெடும். ஈயம் கலந்த பழைய கிரிஸ்டல் குடுவையில் ஆண்டுக்கணக்கில் இருந்ததையும் தொடாதீர்கள். ஈயம் மதுவில் இறங்கியிருக்கும்.

திறந்துவிட்டால் மறுபடியும் அலமாரிக்குள் வைத்துக் காக்க வேண்டாம். ஓராண்டுக்குள் முடித்துவிடுங்கள். எங்கள் பாட்டில் நான்கு மாதத்தில் முடிந்தது. கடைசித் தம்ளரை அத்தானுக்குத்தான் ஊற்றினேன்.