பிஎச்பியில் திகதி தானாக மாறுவது ஏன்? கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி): எங்கள் கமக்காரர் அமைப்புக்காகக் காலபோக அறுவடைத் திகதியைக் கணிக்கும் நிரல் ஒன்றை பிஎச்பி நிரல்மொழியில் எழுதினேன். விதைப்பு 2024 ஒக்டோபர் 20. மூன்றரை மாத நெல் என்பதால் 105 நாள்களைக் கூட்டினேன். அறுவடை 2025 பெப்ரவரி 2 எனச் சரியாக வருகிறது. ஆனால் விதைப்புத் திகதியும் அதுவாகிவிடுகிறது.

பதில்: விதைத்த அன்றே அறுக்கும் நெல் இரணைமடுக் குளத்தின் கீழ் இன்னும் விளையவில்லை. திகதிகளைக் கையாளும் டேட்டைம் வகுப்பில், திகதியை நகர்த்தும் 'மொடிஃபை' என்னும் செயற்கூறு புதிய திகதியை உருவாக்குவதில்லை. இருக்கும் பொருளையே மாற்றி, அதையே திருப்பித் தருகிறது. ஆகவே உங்கள் 'விதைப்பு', 'அறுவடை' என்னும் இரு மாறிகளும் ஒரே பொருளுக்கு இட்ட இரண்டு பெயர்கள்தாம். கூட்டுவதற்கு முன் 'குளோன்' செய்து பிரதியெடுக்கலாம். ஆனால் ஓரிடத்தில் மறந்தாலும் பழைய கதைதான் என்பதால், 2013இல் பிஎச்பி 5.5 உடன் வந்த, தன்னை மாற்றாமல் புதிய பொருளைத் தரும் டேட்டைம்இம்மியூட்டபிள் வகுப்பையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி (வவுனியா): மூல மாறியையே மாற்றவிடும் 'அன்ட்' (&) குறி இடாமல்தான் சார்புக்குத் திகதியை அனுப்பினேன். வெளியே எப்படி மாறியது?

பதில்: அனுப்பும்போது பிரதியாவது பொருளன்று, அதைச் சுட்டும் கைபிடி மட்டுமே. இரண்டு கைபிடிகளும் ஒரே வாளியைத்தான் தூக்குகின்றன. பிஎச்பி 8.1இன் 'ரீட்ஒன்லி' பண்பும் இங்கே காப்பாற்றாது. வேறு பொருளை வைப்பதை அது தடுக்குமேயன்றி, உள்ளேயிருக்கும் டேட்டைம் மாறுவதைத் தடுக்காது.

கேள்வி (முல்லைத்தீவு): பசளையிடும் நான்கு திகதிகளை லூப்பில் அணியொன்றில் சேர்த்தேன். நான்கும் கடைசித் திகதியையே காட்டுகின்றன.

பதில்: ஒரே பொருளை நான்கு முறை சேர்த்திருக்கிறீர்கள். கடன் தவணை அட்டவணையொன்றில் இதே பிழையை விட்டு, ஒரு மாலை முழுவதும் தரவுத்தளத்தைக் குறைகூறிக்கொண்டிருந்தவன் நான்.

கேள்வி (மாங்குளம்): இம்மியூட்டபிளுக்கு மாற்றிய பின் எத்தனை நாள் கூட்டினாலும் திகதி நகரவில்லை.

பதில்: திரும்பி வரும் புதிய பொருளை நீங்கள் பிடித்துவைக்கவில்லை. 'மொடிஃபை' தருவதை அதே மாறியிலோ புதிய மாறியிலோ இட வேண்டும்.

கேள்வி (வவுனியா): பிஎச்பிச் சட்டகமான லாரவெலில் எப்படி?

பதில்: அங்கு வழக்கமாகக் கிடைக்கும் கார்பன் என்னும் திகதி வகுப்பும் மாறக்கூடியதே, கார்பன்இம்மியூட்டபிளைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (கிளிநொச்சி): அப்படியானால் 2025 ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டும்போது மார்ச் 3 வருவதும் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. அது வேறு நோய். பெப்ரவரி 31 என்றொரு நாள் இல்லாததால், 28க்கு மேலுள்ள மூன்று நாள்கள் மார்ச்சுக்குள் வழிகின்றன. மாத இறுதிதான் வேண்டுமெனில் 'லாஸ்ட் டே ஒஃப் நெக்ஸ்ட் மந்த்' என்னும் தொடரை 'மொடிஃபை'க்குக் கொடுங்கள். பெப்ரவரி 28 வரும்.