சளிக் காய்ச்சலும் பக்கவாதமும்: 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 36. போன வாரம்தான் ஃப்ளூ வந்து போனது. சளிக் காய்ச்சலால் ஸ்ட்ரோக் வருமா டாக்டர்?

பதில்: வரலாம், ஆனால் அபூர்வம். மூச்சுத் தொற்று வந்த முதல் 3 நாட்களில் பக்கவாத அபாயம் சுமார் 3 மடங்கு கூடுகிறது, பிறகு படிப்படியாக இறங்குகிறது என்று 2004-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. உங்கள் வயதில் அபாயமே சொற்பம். சொற்பத்தின் 3 மடங்கும் சொற்பம்தான். நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: கொரோனா சமயத்தில் இளவயதுக்காரர்களுக்கு நிறைய வந்ததாகச் சொன்னார்களே?

பதில்: அந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது நியூயார்க்கில். 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 7 வரை, மவுண்ட் சினாய் மருத்துவமனைகளுக்கு 50 வயதுக்குக் குறைந்த 5 பேர் மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டு வந்தார்கள். ஐவருக்கும் கொரோனா. அதற்கு முந்தைய வருடம் அந்த வயதில் இரண்டு வாரத்துக்குச் சராசரியாக ஒருவருக்கும் குறைவாகத்தான் வந்திருக்கிறார்கள்.

அதில் ஒரு பெண்ணுக்கு வயது 33. ஒரு வாரமாக இருமல், தலைவலி, குளிர். அப்புறம் பேச்சு குழற ஆரம்பித்தது, இடது கையும் காலும் மரத்துப் பலம் இழந்தன. 28 மணி நேரமாக அது கூடிக்கொண்டே போயிருக்கிறது. மருத்துவமனைக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து தாமதித்துவிட்டார். ஸ்கேனில் பார்த்தால் கழுத்து ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. என்னைக் கேட்டால், வைரஸைவிட அந்த 28 மணி நேரம்தான் எனக்குக் கவலை. கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: நுரையீரலில் வரும் நோய்க்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இரண்டுக்கும் ரத்தம் ஒன்றுதானே! தொற்றை எதிர்க்கும் அழற்சியில் ரத்தக்குழாயின் உள்சுவர் புண்படுகிறது, ரத்தம் சுலபமாக உறைகிறது. தண்ணீர் குடிக்காமல் படுத்தே கிடந்தால் இன்னும் மோசம். அபூர்வமாக, கடும் இருமலில் கழுத்துத் தமனியின் உள்சுவர் கிழிந்து அங்கே கட்டி உருவாவதும் உண்டு. ஒரு பக்கமாகப் புதிதாகக் கழுத்து வலித்தால் அலட்சியம் வேண்டாம்.

கேள்வி: காய்ச்சலில் கை கால் அசதி எல்லோருக்கும் இருக்கும். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: காய்ச்சல் அசதி உடம்பு முழுக்க இருக்கும், மெதுவாக வரும். பக்கவாதம் பெரும்பாலும் திடீரென்று, ஒரு பக்கமாக வரும். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா? இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று மட்டும் கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். "சின்ன வயசு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லும் மாமாவுக்குக் காது கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஆம்புலன்ஸ் வரும்வரை ஆஸ்பிரின் கொடுக்கலாமா? புறா ரத்தம் தடவச் சொல்கிறார்களே?

பதில்: இரண்டும் வேண்டாம். வந்திருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். விழுங்கும் தசை பலவீனமாக இருந்தால் ஒரு வாய்த் தண்ணீரே நுரையீரலுக்குள் போகும். புறாவைப் பறக்க விடுங்கள்.

கேள்வி: ஃப்ளூ தடுப்பூசி போட்டால் இது குறையுமா?

பதில்: குறையும் என்றுதான் தெரிகிறது. கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் நடந்த பெரிய ஆய்வொன்றில் (2022) ஊசி போட்டவர்களிடம் பக்கவாதம் குறைவாக இருந்தது, இளவயதினரிடமும்தான். பிரஷர், சர்க்கரை, புகைப்பழக்கம் உள்ளவர்கள் வருடா வருடம் போட்டுக்கொள்ளலாம்.