சுரைப்பூ எந்நேரம் விழிக்கிறது, பார்த்தீர்களா?

கேள்வி: ஐயா, வணக்கம். அரை ஏக்கரில் பந்தல் போட்டுச் சுரை வைத்திருக்கிறேன். விதை ஊன்றி 58 நாள் ஆகிறது. கொடி பந்தலை மூடிவிட்டது, பூவுக்கும் குறைவில்லை. ஆனால் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி, நுனி கருகி விழுந்துவிடுகிறது. மருந்துக் கடையில் சொன்னார்கள் என்று பூ டானிக் மூன்று முறை அடித்துவிட்டேன். பழ ஈயாக இருக்கலாம் என்று வாரம் ஒரு முறை பூச்சிமருந்தும் தெளிக்கிறேன். தேனீக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் தெளிப்பது. பத்து நாளைக்கு ஒரு முறை யூரியாவும் போகிறது. போன வருஷம் மிளகாயில் இதே டானிக்கில் பூ உதிர்வது நின்றது. இப்போது அளவைக் கூட்டலாமா, வேறு டானிக் மாற்றலாமா? பெண்பூவும் குறைவாகத்தான் வருகிறது. அதற்கும் ஒரு மருந்து சொல்லுங்கள்.

பதில்: தம்பி, அளவைக் கூட்ட வேண்டாம். வேறு டானிக்கும் வேண்டாம். மீதி இருக்கிற பாட்டிலையும் இந்தப் பயிருக்குத் திறக்காதீர்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெளிக்கிறேன் என்று, அதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் பந்தலில் விழுவது பிஞ்சே அல்ல. சுரையில் பெண்பூ மொட்டாக இருக்கும்போதே அதன் அடியில் வெள்ளை ரோமம் போர்த்திய குட்டிச் சுரைக்காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது சூலகம், பின்னால் காயாக வேண்டிய பகுதி. பூ விரிவதற்கு முன்பே காய் மாதிரி இருப்பதால், காய் பிடித்துவிட்டது என்று கண் ஏமாந்துபோகிறது. மகரந்தம் வந்து சேராவிட்டால் கொடி அதை வைத்துக்கொண்டு சோறு போடாது. இரண்டு மூன்று நாளில், பூ ஒட்டியிருந்த முனையிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி, கருகி விழும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான்.

பழ ஈயா என்ற சந்தேகம் இருந்தால் விழுந்ததில் பத்தைப் பொறுக்கி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். ஈ குத்தியிருந்தால் தோலில் ஊசி முனை அளவு புள்ளியும், அதில் பிசின் துளியும் தெரியும். உள்ளே சதை கொழகொழத்து வெள்ளைப் புழு நெளியும். புழுவும் இல்லை, அழுகலும் இல்லை, வெறுமனே வற்றிப்போயிருக்கிறது என்றால் ஈயின் மேல் பழி போடாதீர்கள். மகரந்தம் கிடைக்காத சூலகம் அது. கொடியில் ஏற்கெனவே நாலைந்து காய் பருத்துக்கொண்டிருந்தால், புதிதாக வரும் ஒன்றிரண்டைக் கொடி தானாகவே கழித்துவிடுவதும் உண்டு. உங்களுக்குக் காயே நிற்கவில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

மிளகாயில் நின்றது, சுரையில் ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் இருக்கின்றன. காற்றில் செடி அசைந்தாலே மகரந்தம் சூல்முடியில், அதாவது பெண் உறுப்பின் நுனியில், கொட்டிவிடும். அங்கே பூ உதிர்வது பெரும்பாலும் வெயிலாலோ, நீர் முன்பின் ஆவதாலோ, காம்பு சீக்கிரம் கழன்றுவிடுவதாலோதான். காம்பைப் பிடித்து நிறுத்தும் வளர்ச்சி ஊக்கி அங்கே கொஞ்சம் உதவும். சுரையில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. மகரந்தம் கனமானது, பசையுள்ளது, காற்றில் பறக்காது. ஓர் உயிர் சுமந்து வந்து வைத்தால்தான் உண்டு. அந்த வேலையை எந்த டானிக்கும் செய்யாது.

1694-இல் ஜெர்மனியில் ருடால்ஃப் கமெராரியஸ் என்ற அறிஞர், செடிக்கும் ஆண் பெண் உண்டு என்பதை நிரூபிக்க எடுத்துக்கொண்ட செடிகளில் ஆமணக்கும் ஒன்று. ஆண்மொட்டுகளை விரிவதற்கு முன்பே கிள்ளிவிட்டார். பெண்பூவில் காய்க்கூடு மட்டும் வந்தது. உள்ளே விதை இல்லை, வாடி விழுந்துவிட்டது. உங்கள் பந்தலில் ஆண்பூவை யாரும் கிள்ளவில்லை. ஆனால் நடப்பது அதே கதை. ஆண்பூவில் இருப்பது பெண்பூவுக்கு வந்து சேரவில்லை.

ஏன் சேரவில்லை? இங்கேதான் அந்த ஆறு மணி வருகிறது.

பூசணிப்பூ இருள் பிரிவதற்கு முன்பே விரியத் தொடங்கி, வெயில் ஏறும்போது வாடிவிடும். பாகல், வெள்ளரி, தர்பூசணி எல்லாம் காலைப் பூக்கள். சுரை அப்படியில்லை. பொழுது சாயும்போது மொட்டு அவிழ்ந்து, இரவு முழுக்க வெள்ளையாக விரிந்திருந்து, மறுநாள் காலையில் துவண்டுவிடும். பீர்க்கும் மாலையில்தான் விரியும், ஆனால் அதன் உடன்பிறப்பான நுரைப்பீர்க்கு விடியற்காலைப் பூ. புடலை இருட்டிய பிறகு அந்த நூல் நூலான இதழை விரிக்கும். சுரைக்கு வரும் விருந்தாளிகள் பெரும்பாலும் இரவுக்காரர்கள்: நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய அந்துப்பூச்சிகள், சில வண்டுகள். பூ மூடுவதற்குள் விடியற்காலையில் தேனீயும் கொஞ்சம் வரலாம்.

தேனீயைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் ஆறு மணியைத் தேர்ந்தெடுத்தீர்கள். வெள்ளரி வயலாக இருந்தால் உங்களைப் பாராட்டி எழுதியிருப்பேன். சுரையில் அது வாசல் திறக்கிற நேரம். புதிதாக விரிந்த பூவுக்குள் நேராக மருந்து விழுகிறது. வருகிற அந்துப்பூச்சி சாகிறது அல்லது திரும்பிப் போகிறது. மருந்தை விடுங்கள், வெறும் தண்ணீர் விழுந்தாலே மகரந்தத் துகள் உப்பி வெடித்து வீணாகும். டானிக்கையும் அதே நேரத்தில்தான் அடித்திருப்பீர்கள். அப்படியானால் மூன்று டானிக்கும் உங்கள் காய்ப்பைக் குறைக்கத்தான் உதவியிருக்கின்றன.

இதை உங்கள் தவறாக மட்டும் சொல்ல மாட்டேன். பல வருடம் நானும் எல்லாப் பயிருக்கும் 'சாயங்காலம் தெளியுங்கள்' என்றே சொல்லி வந்தவன். ஒரு சுரைப் பந்தலில் உங்களைப் போலவே காய் நிற்காமல், உரம் மாற்றி, நீர் மாற்றி, ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் இருட்டிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் ஒரு பூச்சி வரவில்லை. தெளிப்பை நிறுத்தச் சொன்னேன். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் போனபோது பூவுக்குப் பூ சிறகடிப்பு கேட்டது. அன்றிலிருந்து எந்தக் கொடிக்காய்ச் சிக்கல் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, பூ எத்தனை மணிக்கு விரிகிறது, யார் வருகிறார்கள் என்பதுதான். நீங்களும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே இன்று மாலை தெளிப்பானை வைத்துவிட்டு டார்ச்சோடு போங்கள். நீளமான, மெல்லிய காம்பில் நிற்பது ஆண்பூ. புதிதாக விரிந்த ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிட்டால் நடுவில் மகரந்தப்பை தெரியும். நேராக இருக்காது, சுருட்டி மடித்த நாடா போல வளைந்து வளைந்து இருக்கும். விரலால் தொட்டால் பொடி ஒட்ட வேண்டும். அப்புறம் பெண்பூவின் உள்ளே பாருங்கள். தடித்த மூன்று மடல்களாகச் சூல்முடி ஈரப்பசையோடு இருக்கும். ஆண்பூவை அந்த மூன்று மடல்களிலும் மெதுவாகத் தடவுங்கள். மூன்றிலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குப் போதும்.

மூன்று மடலும் ஏன் முக்கியம் என்றால், ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் துகள் வேண்டும். சூல்முடியில் ஒட்டிய ஒவ்வொரு துகளும் ஒரு நுண்குழாயை உள்ளே இறக்கி, விதையாக வேண்டிய ஒரு சூலைத் தேடிப் போகிறது. சுரைக்காய்க்குள் விதை எத்தனை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அத்தனை துகள் சேர வேண்டும். உருவாகத் தொடங்கும் விதைதான் வளர்ச்சிப் பொருளைச் சுரந்து, சுற்றியுள்ள சதையைப் பருக்கவைத்து, கொடியிலிருந்து உணவை இழுக்கிறது. ஒரு பக்கம் விதை பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் சதையும் ஏறாது. கோணிக்கொண்டு, ஒரு முனை சூம்பிப்போய் வரும் காயை நடுவில் வெட்டிப் பாருங்கள், சூம்பிய இடத்தில் விதை வெறும் தோலாகத்தான் இருக்கும். சந்தையில் அந்தக் காயை ஒதுக்கும்போது, சத்துக் குறைவு என்று இன்னொரு பாட்டிலைக் கையில் கொடுப்பார்கள். வாங்காதீர்கள்.

கடைக்காரரைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். பந்தலுக்குள் காலே வைக்காமல், ஒரு பூவைக்கூடப் பார்க்காமல், 'பூ உதிருதா, இதை அடி' என்று எடுத்துக் கொடுப்பது ஆலோசனை ஆகாது, விற்பனை. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று அச்சடிக்காத பாட்டிலைக் கையால் தொடாதீர்கள். அச்சடித்திருந்தால் படியுங்கள். அதில் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி இருந்தால் இன்னும் கவனம். வெள்ளரிக் குடும்பத்தில் அது ஆண்பூவைக் கூட்டக்கூடியது. ஆண்பூவே வராத வெள்ளரி ரகங்களில் ஆண்பூ வரவழைக்க விதை உற்பத்தியாளர்கள் பயன்படுத்தும் பொருள்களில் அதுவும் ஒன்று. பெண்பூ குறைவு என்று புலம்புகிறவருக்கு அதை விற்பது அநியாயம்.

பெண்பூவுக்கு மருந்து கேட்டிருந்தீர்கள். இந்தப் பயிருக்கு இல்லை, பருவம் தாண்டிவிட்டது. எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கி பெண்பூவைக் கூட்டும், உண்மைதான். ஆனால் நாற்று இரண்டு முதல் நான்கு இலையில் இருக்கும்போது, விதைத்த 10-15 நாளில் தொடங்கி, வாரம் ஒரு முறையாக நான்கு முறை, 10 லிட்டருக்கு 2.5 மில்லி என்ற கணக்கில் கொடுக்க வேண்டியது அது. 58 நாள் கொடிக்கு அடிப்பதில் பயனில்லை. இப்போது செய்யக்கூடியது இரண்டு. யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து மிஞ்சினால் கொடியும் இலையும் ஆண்பூவும்தான் பெருகும். அப்புறம், சுரையில் தாய்க்கொடியில் ஆண்பூதான் அதிகம், பெண்பூ பக்கக்கொடிகளில் வரும். தாய்க்கொடியின் நுனியை இன்னும் கிள்ளவில்லை என்றால் கிள்ளிவிடுங்கள், பக்கக்கொடிகள் கிளம்பும். தொடக்கத்தில் ஆண்பூ மட்டுமே வருவதும் இந்தக் குடும்பத்தின் இயல்பு, அதற்காகப் பதற வேண்டாம்.

பழ ஈக்கு வாரக் கணக்கு வைத்துத் தெளிப்பதை விடுங்கள். கியூலூர் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி ஆண் ஈக்களை இழுக்கும், எத்தனை ஈ இருக்கிறது என்ற கணக்கும் உங்களுக்குக் கிடைக்கும். குத்துப்பட்டு விழுந்த காய்களைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள், வரப்பில் வீசாதீர்கள். புழு மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது. காய் பிடித்தது உறுதியானதும் காகிதப் பை மாட்டினால் ஈ தொடாது. இவ்வளவுக்கும் மேல் தெளித்தே தீர வேண்டிய நிலை வந்தால், முந்தின இரவின் பூக்கள் துவண்ட பிறகு, காலை பத்து மணியையொட்டி, குறைந்த நாளில் வீரியம் இழக்கும் மருந்தாகப் பார்த்துத் தெளியுங்கள். பக்கத்தில் வெள்ளரியோ பாகலோ பூத்திருந்தால் அந்த நேரமும் ஆகாது. பிற்பகல் மூன்று மணியை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பூ வாடியிருக்கும், இங்கே மொட்டு அவிழ்ந்திருக்காது. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் வகைப் பூச்சிமருந்துகள் பூக்கும் பயிருக்கு எந்த மணிக்கும் வேண்டாம். அவை சாற்றோடு ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் போய்ச் சேர்பவை.

கடைசியாக, நான் சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டாம். நாளை மாலை இருபது பெண்பூவைத் தேர்ந்தெடுங்கள். பத்துக்குக் கையால் மகரந்தம் தடவிச் சிவப்பு நூல் கட்டுங்கள். பத்தைத் தொடாமல் விட்டு வெள்ளை நூல் கட்டுங்கள். காம்பை இறுக்காமல் கட்டுங்கள், இல்லாவிட்டால் நூலே காயை விழவைக்கும். பத்து நாள் எந்தத் தெளிப்பும் இல்லாமல் பொறுத்து, எத்தனை சிவப்பு நின்றது, எத்தனை வெள்ளை நின்றது என்று எண்ணி எழுதுங்கள். இரண்டும் ஒரே மாதிரி விழுந்திருந்தால் மட்டும் மண்ணையும் நீரையும் பார்ப்போம். அப்படியானால் மண் பரிசோதனை முடிவையும், எத்தனை நாளைக்கு ஒரு முறை நீர் பாய்ச்சுகிறீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.